பொருள்: ஏ.சி. சுருளில் ஐஸ் கட்டுவதற்கு ஒரு சொல் – அவசரம்

பொருநை:
குழுவினருக்கு வணக்கம். ஐ.டி.ஐ. குளிர்பதனப் பிரிவுக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காயில், கம்ப்ரசர், கேஸ் மூன்றையும் சுருள், அமுக்கி, குளிர்பதனி என்று ஒருவாறு முடித்துவிட்டோம். ஸ்பிளிட் ஏ.சி.யின் உள்பெட்டிச் சுருளில் ஐஸ் கட்டிக் காற்றே வராமல் போகிறதே, அந்தப் பழுதுக்குத்தான் பெயர் அகப்படவில்லை. 'உறைபனி' என்று போட்டேன். ஊட்டிப் புல்வெளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று பாடம் நடத்துபவர் திருப்பிவிட்டார்.

யாப்பன்:
'ஆலி' இருக்கக் கவலை எதற்கு? சங்கத் தமிழில் ஆலங்கட்டிக்கு அதுவே பெயர். சுருளை ஆலி கொள்வதால் 'ஆலிகோள்'. மேலும் 'ஆல்' என்ற அடிக்குச் சுழற்சிப் பொருள் உண்டு என்பது என் துணிபு. கரும்பாலை சுற்றுகிறது, ஆலத்தி சுற்றுகிறோம். சுருளும் சுற்றியதுதானே!

செப்புக்குழாய்:
ஐயா, ஆலி மேலிருந்து விழுவது. இது இருந்த இடத்திலேயே வளர்வது.

ஒழுங்காக ஓடும் ஏ.சி.யில் சுருள் ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரியில் இருக்கும். காற்றின் ஈரம் அதில் நீராகி வடிகுழாயில் போய்விடும். சுருள் 0-க்குக் கீழே இறங்கினால் அந்த நீர் உறைகிறது. முதற்காரணம் காற்றுப் போதாமை: அடைத்த ஃபில்டர், ப்ளோயரில் அப்பிய தூசி, வலுவிழந்த ஃபேன் கெபாசிட்டர். அடுத்தது கேஸ் கசிவு. சுருளுக்குள் அழுத்தம் குறைந்தால் குளிர்பதனியின் கொதிநிலையும் கூடவே இறங்கும். 0 டிகிரிக்குரிய அழுத்தம் ஆர்-22 என்ற குளிர்பதனியில் ஏறத்தாழ 58 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு), ஆர்-32 என்பதில் 103. கேஜ் (அழுத்தமானி) முள் அதற்குக் கீழே நின்றால் ஐஸ் கட்டத் தொடங்கும்.

பார்த்தே பிரித்துவிடலாம். காற்றுக் குறைவென்றால் சுருள் முழுக்க வெளுக்கும், பருத்த குழாயிலும் ஏறும். கேஸ் குறைவென்றால் முதலில் மெல்லிய குழாயும் சுருளின் நுழைவுப் பகுதியும்தான் வெளுக்கும். மீதி காய்ந்து கிடக்கும்.

தகடுகளின் இடுக்கை ஐஸ் அடைக்க, காற்று இன்னும் குறைய, சுருள் இன்னும் குளிர்கிறது. கேடே அடைப்பில்தான். ஆகவே 'பனியடைப்பு'.

உப்பளம்:
"சுருளில் பனியடைப்பு" என்று மெக்கானிக் சொன்னால் வீட்டுக்காரர் வேறு ஆளைக் கூப்பிடுவார். தெருவில் "ஐஸ் கட்டிருச்சு" என்கிறார்கள். 'ஐஸ்கட்டல்' போதும். கடிசொல் இல்லைக் காலத்துப் படினே, அதாவது காலத்தோடு வழக்கில் வந்துவிட்டால் விலக்க வேண்டிய சொல் இல்லை என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார்.

யாப்பன்:
அந்த நூற்பா என்ன, எல்லாச் சொல்லுக்கும் நுழைவுச்சீட்டா? ஐஸ் என்றாலே ஆசிரியருக்கு யார் வைத்தது என்றுதான் வகுப்பு சிரிக்கும்.

தூவானம்:
துரு பிடிக்கிறது, பாசி பிடிக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. ஒரு பரப்பில் தானாக ஏறிப் படர்வதற்கு வினை கையிலேயே இருக்கிறது. 'பனிபிடித்தல்'. நீக்குவதற்குப் 'பனியிறக்கம்'.

யாப்பன்:
துருப்பிடித்தலுக்கு ஒற்று உண்டே அம்மா. பனிப்பிடித்தல் அல்லவா?

தூவானம்:
பனி பிடித்தது என்பது எழுவாய்த் தொடர், வலி மிகாது. துருவில் வழக்கு வென்றுவிட்டது, அவ்வளவுதான்.

பொருநை:
வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

"பனிபிடித்திருந்தால் குளிரூட்டலை நிறுத்தி, ஃபேனை மட்டும் 2 முதல் 3 மணி நேரம் ஓடவிடுக. கத்தி, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் தகடு மடியும், குழாய் ஓட்டையாகும். உருகும் நீர் தட்டில் கொள்ளாமல் சுவரில் வழியலாம். கீழே வாளி வைக்க. ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்துக."

இடறவில்லை.

செப்புக்குழாய்:
ஃபேனே சுற்றாவிட்டால் மின்சாரத்தை அணைத்துத் தானே உருகவிட வேண்டும் என்று சேருங்கள். பனியோடு ஓட்டினால் குளிர்பதனி ஆவியாகாமல் திரவமாகவே அமுக்கிக்குத் திரும்பி அதைக் கெடுக்கும். உருகிய பிறகும் மறுபடி பிடித்தால், சுருள் சென்சார் தன் இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். அது கழன்றிருந்தால் அமுக்கி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது.

கேஸ் குறைவுக்கு டாப்-அப் (கசிவை அடைக்காமல் குறைந்ததை மட்டும் நிரப்புவது) மருந்தல்ல. குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டு அடைத்து, வேக்கம் (குழாய்க்குள் வெற்றிடம்) 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) கீழே இறக்கி, பெயர்ப்பலகையில் உள்ள எடைக்குத் தராசு வைத்து ஏற்ற வேண்டும். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது. கேஸை மீட்டெடுக்காமல் பற்றவைப்புக்குப் போகக் கூடாது.

டாப்-அப்புக்கும் சொல் இல்லை, கவனித்தீர்களா?

உப்பளம்:
அதை இன்று தொடங்காதீர்கள்.

பொருநை:
செப்புக்குழாயும் இறங்கிவந்துவிட்டார். தலைப்பு 'பனிபிடித்தல்'. அடைப்புக்குறிக்குள் 'ஐஸ் கட்டுதல்'. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

யாப்பன்:
ஒற்று விட்டதற்கு என் மறுப்பைப் பதிவுசெய்க. ஆலி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.