இழுக்கிற லேபுக்கு ஹெட் காலரா, முன்பக்கக் கொக்கி ஹார்னஸா? கூட ஒரு சிப்பிப்பாறையும் உண்டு

கேள்வி – பார்வதிபுரம்_வாசி

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு வழி சொல்லுங்க. வீட்டில் ரெண்டு நாய். மூணு வயசு ஆண் லேப் (லேப்ரடார்), 34 கிலோ, கழுத்து 48 செ.மீ., நெஞ்சுச் சுற்று 80. ஒன்றரை வயசு சிப்பிப்பாறை (நாட்டு வேட்டைநாய்) பெட்டை, 19 கிலோ, கழுத்து 35, தலை 34, நெஞ்சு 66, இடுப்பு 44.

காலையில் நடத்துறது அம்மா, ஒவ்வொண்ணா. அம்மா எடை 47 கிலோ. லேபைக் கழுத்து பெல்ட்டில் கொண்டுபோனால் இழுத்து இருமுது. முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ் (நெஞ்சையும் உடம்பையும் சுத்தி மாட்டுற பட்டை) போட்டால் இருமல் இல்லை, இழுவை இன்னும் கூடுது. சிப்பிப்பாறை எந்த ஹார்னஸ் போட்டாலும் பின்னால நழுவி உருவிக்கிடும். சனி, ஞாயிறு சங்குத்துறைக் கடற்கரை மணலுக்கும் போகணும். யாருக்கு எது பொருந்தும், எந்தப் பொருள்ல வாங்கினால் உப்புக்காத்துல நிக்கும்? சோக் செயின் (இழுத்தா கழுத்தை இறுக்குற சங்கிலி) போட்டு ஒரு சுண்டு சுண்டுன்னு மட்டும் சொல்லாதீங்க.

பதில் 1 – தக்கலை_சந்தைரோடு

முதுகு வளையத்தில் இழுவை கூடுறதில் அதிசயம் ஒண்ணும் இல்லை. வண்டிமாட்டை நினைச்சுப் பாருங்க. பாரம் இழுக்க நுகத்தடி, திருப்ப மூக்கணாங்கயிறு. நெஞ்சில் பரவுற பட்டையும் முதுகில் கொக்கியும் சேர்ந்தா அது நுகத்தடி. வலிக்காம உடம்பு எடை முழுக்கப் போட்டு இழுக்கலாம். பனியில வண்டி இழுக்கிற நாய்களுக்கும் அந்த வகைதான் மாட்டுவாங்க. ஹெட் காலர், அதாவது மூக்கையும் பிடரியையும் சுத்தி மாட்டுற பட்டை, மூக்கணாங்கயிறு மாதிரி, மூக்கைக் குத்தாம. முன்பக்கக் கொக்கி நடுவாந்திரம்: நாய் பாயும்போது லீஷ் (கையில் பிடிக்கிற வார்) இறுகி நெஞ்சைப் பக்கவாட்டில் திருப்பும், நேரா பலம் போட முடியாது.

கழுத்து பெல்ட்டை விட்டது நல்லது. மூச்சுக்குழல் நசுங்கித்தான் இருமல் வருது. அந்த இழுவையில் கண்ணுக்குள்ள அழுத்தமும் ஏறும்.

லேபுக்கு என் ஓட்டு முன்பக்கக் கொக்கிக்கு. ஆனால் எல்லா முன்கொக்கியும் ஒண்ணில்லை. தோளுக்குக் குறுக்கே ஒரே பட்டையா நேராப் போறது, முன்கால் நீட்டும் ஒவ்வொரு தடவையும் தோள் மூட்டில் தட்டும், நடை குறுகும். அதை விடுங்க. நெஞ்செலும்பு மேல பட்டைகள் சேர்ந்து 'ஒய்' வடிவத்தில் கீழே இறங்கி, ரெண்டு முன்காலுக்கும் நடுவுல போறதா பாருங்க. முன்னால ஒண்ணு, முதுகில் ஒண்ணுன்னு ரெண்டு வளையம் கட்டாயம் வேணும்.

போடும்போது நெஞ்சுப் பட்டை முழங்கைக்குப் பின்னால மூணு விரல் தள்ளி வரணும். ஒட்டி வந்தால் ஒரு வாரத்தில் அக்குள் தோல் உரியும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் ரெண்டு விரல் தட்டையாப் போகணும், நாலு போகக் கூடாது. தளர்வா இருந்தால் முன் வளையம் இழுபடும் பக்கமே மொத்த ஹார்னஸும் சரிஞ்சுபோகும். அளவு சரியா இருந்தும் சரிஞ்சால், முன் வளையத்தையும் கழுத்து பெல்ட் வளையத்தையும் ஒரு சின்னக் கொக்கியால் இணைச்சிடுங்க. இந்த வகையில் பாதிப் புகார் அதோட தீரும்.

லீஷ் ரெண்டு முனையிலும் கொக்கி உள்ளதா வாங்குங்க. ஒரு முனை நெஞ்சில், மறுமுனை முதுகில். சாதாரணமா முதுகு முனையில் பிடி, இழுக்க ஆரம்பிச்சா நெஞ்சு முனையை இறுக்கு. ஒரே முனையில் மட்டும் நெஞ்சில் மாட்டினால், லீஷ் தொய்யும்போது நாய் காலைத் தூக்கி அதுக்கு மேல வச்சிடும்.

பதில் 2 – குளச்சல்_அக்கா

தம்பி, மேல சொன்னது அத்தனையும் சரி. ஒரு கணக்கை மட்டும் விட்டுட்டாங்க: அம்மா 47, நாய் 34. தெருநாய் எதிரில் வந்து லேப் பாய்ந்தால் முன்கொக்கி திருப்பிவிடும்தான், ஆனால் திரும்புற வேகத்திலேயே ஆளை இழுத்துடும். எடை வித்தியாசம் இவ்வளவு குறைவா இருக்கிற இடத்தில் ஹெட் காலர்தான் கைக்கு அடங்கும். பழக்காமப் போட்டால் வீண், அதையும் சொல்லிடுறேன்.

வகை மூணு. ஜென்டில் லீடர், ஹால்டி ரெண்டும் பிராண்டுப் பேரு. ஜென்டில் லீடர் மாதிரி: கழுத்துப் பட்டை காதுக்கு ஒட்டிப் பின்னால் உயரமா, ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில், மூக்கு வளையம் தளர்வா. ஹால்டி மாதிரி: கன்னத்திலும் பட்டை வரும், தாடைக்குக் கீழே லீஷ், கூடவே கழுத்து பெல்ட்டில் மாட்ட ஒரு துண்டுப் பட்டை. மூணாவது, கொக்கி பிடரிப் பக்கம் வர்ற வகை. தலையைத் திருப்பும் சக்தி குறைவு, கழுத்து திருகும் ஆபத்தும் குறைவு. கை நடுங்குறவங்களுக்கு மூணாவது நல்லது.

முதல் வகையில் எல்லாரும் தலைகீழாச் செய்யும் தப்பு: கழுத்தைத் தளர்த்தி மூக்கை இறுக்குவாங்க. கழுத்துப் பட்டை தளர்ந்தால் நாய் ஒரே முன்காலால் மொத்தத்தையும் தட்டிவிட்டுடும். மூக்கு வளையமோ, மூக்குத் தண்டில் முன்னால நகர்ந்து கறுப்பு மூக்கு நுனி வரை வரணும், அதைத் தாண்டிக் கழறக் கூடாது. கண்ணோரம் ஏறி உரசினால் அளவு தப்பு. நாய் வாயை முழுக்கத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்க முடியணும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதுதான் உயிர். தெருவில் இதை வாய்மூடின்னு நினைப்பாங்க. இது கடியைத் தடுக்காது.

பழக்க 10 முதல் 14 நாள்:

முதல் ரெண்டு நாள் வளையத்தைக் கையில் பிடிச்சு, அதுக்குள்ளே மூக்கை விட்டால்தான் தீனி. நீங்க மூக்கில் மாட்டக் கூடாது, அது தானா விடணும். ஒரு தடவைக்கு பத்துத் துண்டு, நாளைக்கு மூணு தடவை. அடுத்த ரெண்டு நாள் மூக்கு உள்ளே இருக்கும்போதே ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாக் கொடுத்து 5 நொடி, 10 நொடின்னு நீட்டுங்க. அஞ்சாம் நாள்தான் கழுத்துக் கொக்கி. மாட்டி, நாலஞ்சு துண்டு தீனி, உடனே கழற்று. பிறகு வீட்டுக்குள்ளே லீஷ் இல்லாம ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம். கடைசியா லீஷோட முற்றம், அப்புறம் தெரு.

முன்காலால் மூஞ்சியைத் தட்டினால் அப்போ கழற்றாதீங்க. கழற்றினா தட்டினால் கழறும்னு படிச்சிடும். ரெண்டடி நடக்கவச்சுத் தீனி கொடுத்து, தட்டாம இருக்கும் நேரம் பார்த்துக் கழற்றுங்க. மறுநாள் முந்தின படிக்குப் போங்க.

தீனி பட்டாணி அளவு. வேகவச்ச கோழி போதும். நம்ம பக்கம் நெத்திலிக் கருவாடு வச்சு எல்லாம் பழக்குவாங்க, வாசனைக்கு லேப் எதையும் செய்யும். உப்பை ஊறவச்சுக் களைஞ்சு, காயவச்சுக் கொடுக்கணும். அந்த அளவுக்கு ராத்திரிச் சோத்தைக் குறைங்க.

ஆபத்து எங்கேன்னா, நீள லீஷில். நாய் அஞ்சு மீட்டர் ஓடி வேகம் பிடிச்சு நுனியில் நின்றால் தலை மட்டும் திரும்பும், உடம்பு முன்னால போகும். அதனால இழுத்துச் சுருளும் லீஷோ நீளக் கயிறோ இதில் மாட்டவே கூடாது. ஒன்றரை மீட்டர் போதும், கொக்கி சின்னதா லேசா இருக்கணும், கனமான கொக்கி தாடையைக் கீழே இழுத்துட்டே இருக்கும். சுண்டுறது கூடவே கூடாது. சங்குத்துறையில் ஓடவிடும்போது கழற்றிட்டு ஹார்னஸ். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்குக்கு இது பொருந்தாது, உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பதில் 3 – நாஞ்சில்_வேட்டைநாய்

மக்கா, லேபுக்கு அக்கா சொன்னது கொள்ளாம். சிப்பிப்பாறைக்கு மட்டும் ஹெட் காலர் போட்டிராதே. நின்ன இடத்துலேருந்து ரெண்டு துள்ளலில் முழு வேகம் எடுக்கிற சாதி அது. பூனை ஓடுதுன்னு வச்சுக்கோ, லீஷ் நுனியில் கழுத்துதான் வாங்கும்.

உருவிக்கிறதுக்குக் காரணம் உன் அளவிலேயே இருக்கு: கழுத்து 35, தலை 34. எந்த பெல்ட்டும் தலை வழியா வரும். நெஞ்சு 66, இடுப்பு 44. ரெண்டு பட்டை ஹார்னஸ்ல பின்னால நடந்தாலே நெஞ்சு பட்டைக்குள்ளேருந்து வெளிய வந்திடும். மூணு பட்டை ஹார்னஸ் கேளு. மூணாவது பட்டை விலா முடிஞ்சு வயிறு ஒடுங்குற இடத்துல உக்காரும். அந்தப் பட்டைச் சுற்று நெஞ்சை விடச் சின்னதா இருக்குறதால பின்னால நழுவ வழியில்ல. ரொம்ப இறுக்காதே, ரெண்டு விரல்.

கூடவே 4 செ.மீ. அகல மார்ட்டிங்கேல் காலர். இழுத்தால் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் சுருங்கும், சோக் செயின் மாதிரி முடிவில்லாம இறுகாது. முழுக்கச் சுருங்கின நிலையில் ரெண்டு வளையமும் தொட்டால் தளர்வு, நடுவுல ரெண்டு விரல் இடம் நின்னா அளவு சரி. லீஷின் ஒரு முனை ஹார்னஸ்ல, மறுமுனை மார்ட்டிங்கேல்ல. வீட்ல கழற்றி வச்சிரு, கிராதில மாட்டிச்சுன்னா வெப்ராளப்பட்டுத் துள்ளும்.

தோல் மெல்லிசு, மயிர் கட்டை. ஓரம் வெட்டுற மாதிரி இருக்கிற மலிவு நைலான் ஒரே நாளில் தடம் போட்டுடும். ஓரத்தை உன் கன்னத்துல தேச்சுப் பார்த்து வாங்கு.

பதில் 4 – முட்டம்_கரை

உப்புக்காத்து பத்தி மட்டும் எழுதுறேன். ஆன்லைனில் பளபளன்னு வர்ற கொக்கி பெரும்பாலும் துத்தநாகக் கலவை மேல பூச்சு. பூச்சு போனதும் வெள்ளையா பொரிஞ்சு, திடீர்னு உடையும். கொக்கியும் வளையமும் பித்தளை அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் ஊருக்குள்ள நிக்கும், கடலோரத்தில் புள்ளிப் புள்ளியா துரு பிடிக்கும். காந்தம் வச்சுப் பாருங்க, பலமா ஒட்டினால் பெரும்பாலும் சாதா இரும்பு. கொக்கிக்குள்ள இருக்கும் சுருள்கம்பி தனி, அதுதான் முதல்ல போகும். மணலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணியில் அலசி, கொக்கியை இருபது தடவை அமுக்கி விடுங்க. தேங்காய் எண்ணெய் விடாதீங்க. மணல் ஒட்டும், வாசனைக்கு நாயே பட்டையைக் கடிச்சுத் தின்னும்.

பஞ்சு மெத்தை வச்ச பட்டை கடையில் பாக்க நல்லா இருக்கும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அது காயவே காயாது. ஈரம் அடியில் நின்னு தோல் சிவந்து புண்ணாகும். மெத்தை இல்லாத பட்டை ரெண்டு செட் வாங்கி மாத்திப் போடுங்க. ரப்பர் தோட்டம் வழியா நடந்தால் பட்டை படுற இடத்தையெல்லாம் விரலால் தடவி உண்ணி பாருங்க, அக்குளிலும் காதுக்குப் பின்னாலும்தான் ஒளியும்.

தையல் விட்டால் செருப்புத் தைக்கிறவர்கிட்ட நைலான் நூலில், சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமா தைக்கச் சொல்லுங்க. நேர்த் தையல் ஒரு நூல் அறுந்தால் முழுக்கப் பிரியும்.

பார்வதிபுரம்_வாசி

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். லேபுக்கு ஹெட் காலர் பழக்குற ரெண்டு வாரமும் நடை நிறுத்த முடியாது. அதுவரை?

குளச்சல்_அக்கா

அந்த ரெண்டு வாரம் தெருவுக்கு முன்கொக்கி ஹார்னஸ், வீட்டுக்குள்ள மட்டும் ஹெட் காலர் பழக்கம். அரைகுறையாப் பழகினதைத் தெருவுக்குக் கொண்டுபோனால் முதல் நாளே வெறுத்துடும். தெருநாய் குறைவா இருக்கும் நேரமாப் பார்த்து, 15 நிமிஷம் போதும். லீஷ் இறுகினதும் அம்மா அப்படியே நிக்கணும், இழுத்த பக்கம் ஒரு அடிகூடப் போகக் கூடாது. தொய்ஞ்சதும் இடது தொடைப் பக்கத்தில் தீனி. முதல் நாள் மூணு அடிக்கு ஒரு துண்டு, போகப் போக பத்து அடிக்கு ஒண்ணு.

தெருவுக்கு எடுக்கும் அன்னைக்கு, ஹெட் காலரில் ஒரு முனை, அதே ஹார்னஸின் முதுகு வளையத்தில் மறுமுனை. எடையை ஹார்னஸ் தாங்கட்டும், ஹெட் காலர் திருப்ப மட்டும். கழறிப் போனாலும் நாய் கையில் இருக்கும்.

தக்கலை_சந்தைரோடு

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. லீஷ் கைப்பிடியை மணிக்கட்டில் சுத்தக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. கட்டைவிரலில் மாட்டி, உள்ளங்கைக்குள்ளே மடிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க.