இத்தாலி ஃபேஷன் டிசைனர் ஜார்ஜியோ அர்மானியோட கோட்டு ஒண்ணையாவது கையில தொட்டவங்க, அவர் இடத்துக்குப் போனவங்க இங்க சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். எங்கப்பா டெய்லர், முக்கியமா கோட்டு தைக்கிறவர், கரூர்ல சின்ன கடை. அதனால ஆபீஸ் வேலையா மிலான் போனப்ப கூட வந்தவங்க எல்லாம் பெரிய சர்ச் பாக்கக் கிளம்பினாங்க, நான் மட்டும் போர்த்தா ஜெனோவா ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே அர்மானி சீலோஸ் போயிட்டேன். 1950ல நெஸ்லே கம்பெனிக்காகக் கட்டின தானிய குடோன் அது, அதைத்தான் 2015ல தன்னோட துணிகளுக்கு மியூசியமா மாத்தினார், கம்பெனி ஆரம்பிச்சு 40 வருஷம் ஆன சமயம். உள்ள போனா சாம்பல் கலரு, மண் கலரு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கலரு, அவ்வளவு அமைதியா இருக்கு, ரெண்டு மணி நேரம் போனதே தெரியல.

கோட்டு தைக்கிற வீட்ல வளந்தவங்களுக்குத்தான் அவர் என்ன செஞ்சார்னு முழுசா புரியும்னு நினைக்கிறேன். பழைய முறையில கோட்டுன்னா பாதி வேலை வெளிய தெரியாது, நெஞ்சுக்கு கேன்வாஸ், தோளுக்கு பேடு, அதுக்கு மேல முழு லைனிங், ஹேங்கர்ல மாட்டினாலே உள்ள ஆள் நிக்கிற மாதிரி விறைப்பா நிக்கும். இவர் 70கள்ல அந்த உள் சமாச்சாரத்தை எல்லாம் எடுத்துட்டார். தோளை சரிய விட்டார், பட்டனை கீழ இறக்கினார், துணியையும் லேசா எடுத்தார், கோட்டு சட்டை மாதிரி உடம்போட விழ ஆரம்பிச்சுது. 1980ல அமெரிக்கன் ஜிகொலோ படத்துல ரிச்சர்ட் கியர் போட்டு நடந்தப்பதான் அமெரிக்காவே திரும்பிப் பாத்துச்சு.

இத்தனைக்கும் டெய்லரிங் படிச்சவர் இல்ல. 1934ல பியாசென்சாவுல பிறந்து, போர்க்காலத்துல வளந்து, மெடிக்கல் சேந்து பாதியில விட்டு, லா ரினாஷெந்தே கடையில ஷோகேஸ் அலங்காரம் பண்ணி, அப்புறம் டிசைனர் நினோ செருத்திகிட்ட வேலை செஞ்சவர். 1975ல தனியா தொடங்குங்கன்னு தள்ளிவிட்டது கூட இருந்த செர்ஜியோ கலெயோத்தி, முதல் போட தன் ஃபோக்ஸ்வாகன் காரையே வித்துட்டார் அர்மானி. வியாபாரப் பக்கத்தைப் பாத்துக்கிட்டிருந்த அந்த கலெயோத்தி 1985ல இறந்துட்டார். டிசைன் மட்டும் பாத்துக்கிட்டிருந்த அர்மானி அதுக்கப்புறம் கணக்கு வழக்கையும் கத்துக்கிட்டு சாகுற வரைக்கும் கம்பெனியை யாருக்கும் விக்காம நடத்தினார், எனக்கு அவர்மேல மரியாதை வந்ததே இந்த இடத்துலதான்.

வரும்போது மிலான்ல பழைய துணிக்கடை ஒண்ணுல அவர் கோட்டு கிடைச்சுது, அப்பாகிட்ட குடுத்தேன். கையில தூக்கிப் பாத்து "உள்ள ஒண்ணுமே இல்லையேடா"ன்னார். அப்புறம் உள்பக்கத்தை வெளிய திருப்பி கண்ணாடியை போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. மறைக்க லைனிங் இல்லாததால ஒவ்வொரு தையலுக்கும் ஓரத்துல பைப்பிங், அதாவது மெல்லிய துணிப் பட்டி, அடிச்சிருந்துச்சு. கடையில வேலை பாக்கிற பையனைக் கூப்பிட்டு "இதப் பாரு, உள்ளயும் தச்சிருக்கான் பாரு"ன்னு காட்டினார்.

* * *

நான் துபாய்ல அர்மானி ஹோட்டல்ல ரெண்டு வருஷம் ஹவுஸ்கீப்பிங்ல இருந்தேங்க, புர்ஜ் கலிஃபாவுக்குள்ளயே இருக்கு, 2010ல திறந்தது. நீங்க சொன்ன அதே கலர்தான் ரூம் பூரா. முதல் மாசம் எனக்கு மங்கலா தெரிஞ்சுது, போகப்போக வேற ஹோட்டலுக்குள்ள போனா கண்ணு கூசிச்சு.

* * *

நான் மிலானோவில இருக்கிறன், வயசான இத்தாலிய அம்மா ஒருவவைப் பராமரிக்கிற வேலை. 2025 செப்டம்பர் 4ம் திகதி அர்மானி காலமானவர் எண்டு டிவில சொன்னதில இருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ எண்டு ஒரே பிடிவாதம். 6ம் 7ம் திகதி ரெண்டு நாளும் அர்மானி தெயாத்ரோ எண்ட அவற்ற அரங்கில உடலைச் சனம் வந்து பாக்க விட்டவை, தம்பி போன சீலோசுக்குக் கிட்டத்தான். சரியான நீட்டு வரிசை, அவவால நிக்க ஏலாது, நான் சக்கர நாற்காலியில வச்சுத்தான் தள்ளிக்கொண்டு போனனான். வெயிலுக்கையும் அவ அந்தப் பழைய கோட்டைத்தான் போட்டவ. 80களில பாங்கில வேலை செய்யேக்க காசு சேத்து வாங்கினதாம். அதைப் போட்ட பிறகுதான் மீட்டிங்கில ஆம்பிளையள் தன்னை இடையில மறிக்காமல் கதைக்க விட்டவை எண்டு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவ. உள்ளுக்க இருட்டு, நிலத்தில விளக்குகள், பெட்டிக்கு மேல வெள்ளை ரோசாப்பூ. கிட்டப் போனதும் நாற்காலியை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, கோட்டுப் பட்டனைப் பூட்டிக்கொண்டு, என்ர கையைப் பிடிச்சு எழும்பி மிச்சத்தூரம் நடந்துதான் போனவ.

* * *

அக்கா, இதை அப்பாவுக்கு படிச்சுக் காட்டினேன். அந்தம்மா கோட்டு உள்பக்கம் எப்படி இருக்குன்னு கேக்கச் சொல்றார், முடிஞ்சா பாத்து சொல்லுங்க.

* * *

இப்பதான் அலுமாரியைத் திறந்து பாத்தனான் தம்பி. முதுகுப் பக்கம் பாதிக்குத்தான் லைனிங், கீழ வெறும் துணி. தையல் விளிம்பெல்லாம் அப்பா சொன்ன மாதிரி பட்டி பிடிச்சுத்தான் இருக்கு, ஒரு நூல் கூட வெளிய வரேல்ல.