சிம்டெவ் லிஸ்ட்டில் 'நாட் விசிபிள்' என்று வரும் டிவைஸ்களை எடுத்துவிடலாமா?

குடந்தை_ஸ்டோரேஜ்:
தஞ்சாவூரில் ஒரு நிறுவனத்தில் இஎம்சி விமேக்ஸ் பெட்டி (பல சர்வர்களுக்கு டிஸ்க் இடம் கொடுக்கும் ஸ்டோரேஜ்) ஒன்று என் பொறுப்புக்கு வந்திருக்கிறது, இடம் தீர்ந்துகொண்டே போவதால் சும்மா கிடக்கும் டிவைஸ்களை, அதாவது சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்க்குகளை, கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். மேனேஜ்மென்ட் சர்வரில் டிவைஸ்களைப் பட்டியலிடும் சிம்டெவ் லிஸ்ட் கட்டளை கொடுத்தால் முக்கால்வாசி வரிகளில் 'நாட் விசிபிள்' என்றுதான் இருக்கிறது. டைரக்டர் (பெட்டியின் போர்ட்) பத்தியில் சிலவற்றுக்கு ???:? என்றும் சிலவற்றுக்கு ***:* என்றும் வருகிறது. பெரும்பாலும் என்/குரூப்டு வேறு. இவையெல்லாம் யாரும் பயன்படுத்தாதவை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மன்னை_சர்வர்:
தம்பி, ஒன்றிலும் கை வைக்காதீர்கள். நாட் விசிபிள் என்றால் நீங்கள் கட்டளை கொடுத்த அந்த சர்வருக்கு அந்த டிவைஸ் தெரியவில்லை, அவ்வளவுதான். நம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதற்காக வாய்க்காலே காய்ந்துவிட்டது என்று சொல்வோமா, அடுத்த மதகில் பாய்ந்துகொண்டிருக்கும். மேனேஜ்மென்ட் சர்வருக்குப் பொதுவாகக் கேட்கீப்பர்கள் என்ற சின்ன டிவைஸ்கள் மட்டும்தான் தெரியும். சுமார் 3 எம்பி அளவில் இருக்கும் அவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், சிம்சிஎல்ஐ கட்டளைகள் (சிம்டெவ் போன்றவை) பெட்டிக்குப் போவதே அவை வழியாகத்தான்.

என்/குரூப்டு என்பது டிவைஸ் குரூப்பில் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. ***:* வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட்டில் மேப் ஆகியிருக்கிறது, அதாவது இணைத்திருக்கிறது. ???:? வந்தால் எந்த போர்ட்டிலும் மேப் ஆகவில்லை.

ஆரூர்_டிஸ்க்:
அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேப் ஆகவில்லை என்பதாலும் அது சும்மா கிடப்பதாக ஆகாது. மெட்டாவின் (பல டிவைஸ்களைச் சேர்த்து ஒன்றாக்கிய பெரிய டிவைஸின்) உறுப்பாக இருக்கலாம், (M) தலை, சின்ன (m) உறுப்பு, உறுப்புக்குக் கொள்ளளவு இடத்தில் கோடு மட்டும் வரும். குளோனுக்கு (பெட்டிக்குள் எடுக்கும் நகலுக்கு) இலக்காகவும் இருக்கலாம். சிம்டெவ் ஷோ கொடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், பிறகு சிம்ஆக்சஸ் கட்டளையில் அசைன்மென்ட், அதாவது எந்த சர்வருக்குக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் பெட்டியின் விவரத்தைப் புதிதாகப் படிக்கும் சிம்சிஎஃப்ஜி டிஸ்கவர் அவசியம், பட்டியல் வருவது அந்த சர்வரில் சேமித்திருக்கும் டேட்டாபேஸிலிருந்துதான், பழையதாக இருந்தால் இல்லாததை இருப்பதாகக் காட்டும்.

சர்வருக்குத் தெரியும் டிஸ்க்குகளைக் காட்டும் சிம்இன்க்யூ பட்டியலை எக்செலில் போட்டுக் கூட்டிவிடாதீர்கள். ஒரே டிவைஸ் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வரியாக வரும், பாதைகளை ஒன்றுசேர்க்கும் பவர்பாத் மென்பொருள் இருந்தால் அதன் பெயரில் இன்னொரு வரி.

குடந்தை_ஸ்டோரேஜ்:
நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். ஆர்டிஎஃப்2 என்று வரும் சிலவற்றில் ஸ்டேட்டஸ் டபிள்யூடி என்று இருக்கிறதே, பழுதா? அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வெறும் டிடெவ் (தின் டிவைஸ்), மேப்பும் அசைன்மென்ட்டும் இல்லாதவை கொஞ்சம் மிஞ்சுகின்றன.

மன்னை_சர்வர்:
பழுது இல்லை. வேறு ஊரில் இருக்கும் பெட்டியின் நகல் அது, எழுத்து பூட்டியிருப்பதுதான் அதன் சரியான நிலை.

மிஞ்சிய டிடெவ் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பட்டியலில் தெரியும் கொள்ளளவு சர்வருக்குக் காட்டும் அளவு, பூலில் (டிடெவ்கள் இடம் எடுக்கும் பொதுத் தொகுப்பில்) உண்மையில் பிடித்திருக்கும் இடம் வேறு. சிம்சிஎஃப்ஜி லிஸ்ட்டில் டிடெவ் விவரத்தை எடுத்து அலக்கேட் ஆன அளவைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருக்கும் டிவைஸை நூறு அழித்தாலும் பூலுக்கு ஒன்றும் திரும்பாது. அளவு பெரிதாக இருப்பவற்றை மட்டும் எடுத்து, முன்பு எந்த அப்ளிகேஷனுக்குக் கொடுத்தது என்று அந்தந்தக் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மாதக் கடைசி வேலைகள் ஓடி முடியும்வரை காத்திருந்து அப்புறம் அழியுங்கள்.