விளக்கும் வேண்டும், ஆள் நடமாட்டமும் வேண்டும்

வேளச்சேரியில் பிரதான சாலையிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு வர இரண்டு தெருக்கள் உண்டு. ஒன்றில் வரிசையாக எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன, ஆனால் இருபுறமும் உயரமான மதில்கள்தாம், ஒரு வாசல்கூட அந்தத் தெருவைப் பார்த்துத் திறப்பதில்லை. மற்றதில் வெளிச்சம் குறைவு என்றாலும் மருந்துக்கடையும், இஸ்திரி வண்டியும், இரவு பதினொரு மணிவரை ஒரு தள்ளுவண்டி இட்லிக் கடையும் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுச் செவிலியர் பணி முடிந்து இந்த இரண்டாவது தெரு வழியாக வந்தபோது, இருசக்கர வாகனத்தில் ஒருவன் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, அவருடைய நடைக்கு ஏற்ப மெதுவாகப் பின்தொடர்ந்திருக்கிறான். அவர் இட்லிக் கடையருகே நின்றதும், “ஏம்மா, முகமெல்லாம் வேர்த்திருக்கு? உட்காரு” என்று கடைக்கார அக்கா முக்காலியை இழுத்துப் போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோ ஓட்டுநர்கள் எழுந்து திரும்பிப் பார்த்த மாத்திரத்தில் அந்த வண்டி வேகமெடுத்துப் போய்விட்டது. அவர்களில் ஒருவர் செவிலியரை வீடுவரை கொண்டுவந்து விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

2013-இல் தொடங்கப்பட்ட சேஃப்டிபின் செயலி ஓரிடத்தின் பாதுகாப்பை ஒன்பது கூறுகளைக் கொண்டு மதிப்பிடுகிறது. அவற்றில் வெளிச்சம் ஒன்று. வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் தெருவில் நடப்பவர் கண்ணில் படுகிறாரா, ஆள் நடமாட்டம் எவ்வளவு, அதில் பெண்கள் இருக்கிறார்களா என்பவையும் அதே பட்டியலில் உள்ளன. எங்கள் பகுதிப் பெண்கள் இதை அனுபவத்திலேயே அறிந்திருக்கிறார்கள்.

வெளிச்சம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் தெருவில் தூங்குமூஞ்சி மரக் கிளைகள் விளக்குகளுக்குக் கீழே இறங்கிவிட்டதால், சாலையின் நடுப்பகுதி பளிச்சென்று தெரிய, நடைபாதையில் எதிரே வருபவரின் முகம்கூடத் தெரியாமல் இருந்தது. மாநகராட்சியின் 1913 எண்ணில் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் செய்தோம். கிளைகளை வெட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகும் ஒன்பது மணிக்கு மேல் அங்கே யாரும் நடப்பதில்லை.

இந்த நிலையில், நடைபாதையை அடைக்கிறது என்று கூறி இட்லிக் கடையை அப்புறப்படுத்த எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சிலர் முயல்வது எனக்குப் பெரும் கவலையளிக்கிறது. வண்டியைச் சற்றுத் தள்ளி, மருந்துக்கடைக்குப் பக்கத்திலுள்ள காலியிடத்தில் நிறுத்தினால் நடப்பதற்கும் வழி கிடைக்கும், கடையும் இருக்கும். இதை எழுத்து மூலமாகச் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குத் தாமும் வந்து பேசுவதாகச் செவிலியர் சொல்லியிருக்கிறார்.