அமெரிக்க ராப் பாடகர் லில் வெய்னின் 2008 ஆல்பம் 'கார்ட்டர் 3': உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

கடைசி_பெஞ்ச்:
2008 ஜூன். அமெரிக்காவில், லூசியானாவின் பேட்டன் ரூஜில் படித்துக்கொண்டிருந்தேன், பஸ்ஸுக்கு நிற்கிறேன், மண்டை வெடிக்கிற வெயில். சிக்னலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. உள்ளே அந்த ஆல்பத்தின் 'எ மில்லி'. அப்போது அது என்ன பாட்டு என்றே தெரியாது. ஒரே குரல் திரும்பத் திரும்ப, அடியில் டிரம், வேறு ஒன்றுமே இல்லை. பின்னால் நம்பர் பிளேட் கடகடவென்று ஆடுகிறது. ஒரு பாட்டி குச்சி ஊன்றி ரோட்டைக் கடக்க வந்தார். ஓட்டினவன் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தான். பாட்டி அந்தப் பக்கம் ஏறினதும் திரும்ப ஏற்றினான். லில் வெய்ன் என்றாலே எனக்கு அந்தப் பாட்டிதான்.

முருங்கைக்காய்:
ஆல்பம் வெளியான வாரமே நான் சிடி வாங்கினேன். முதல் வாரம் விற்ற 10 லட்சத்துச் சொச்சத்தில் என்னுடையதும் ஒன்று. அப்போது அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தார். அட்டையில் குழந்தை, முகமெல்லாம் பச்சை குத்தியிருக்கும். "யாருடா பச்சப்புள்ள மூஞ்சில கிறுக்கினது?" என்று முந்தானையால் துடைத்தே பார்த்துவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேனே தவிர, அது பாடினவனுடைய சொந்தக் குழந்தைப் படம்தான், பச்சை மட்டும் பிறகு சேர்த்தது என்று சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம்.

ஈரத்துணி:
நியூ ஆர்லியன்ஸில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர், வெய்ன் வளர்ந்த அதே ஹாலிகுரோவ் பேட்டைக்காரர், ஒருநாள் காரில் கூட்டிப்போனார். கத்ரீனா புயல் வந்து ஊர் மூழ்கி மூன்று வருஷம் ஆகியும் சில வீட்டுக் கதவுகளில் தேடுதல் குழு ஸ்பிரேயில் போட்ட பெருக்கல் குறி அப்படியே இருந்தது, சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தோளுக்கு மேலே. காரில் 'டை மை ஹேண்ட்ஸ்' வந்தது, ஆல்பத்தில் கத்ரீனாவைப் பற்றிய பாட்டு. கூடப் பாடும் ராபின் திக் பாடுகிற இடம் வரும் முன்பே நிறுத்திவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை நான். அவரும் சொல்லவில்லை.

வோல்டேஜ்:
நான் ரிலீஸுக்கு முன்பே கசிந்ததை கம்ப்யூட்டர் லேபில் இறக்கிக் கேட்டவன், என் கதை அவ்வளவுதான். ஆனால் @கடைசி_பெஞ்ச், "வேறு ஒன்றுமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்றுமே இல்லாததைச் செய்யத்தான் ஆள் வேண்டும். 'எ மில்லி'க்கு இசை செய்தவர் பேர் பங்களாதேஷ் (ஆள் அமெரிக்கர்தான்), அந்தப் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. ஆல்பத்தில் 'லாலிபாப்' பாட்டு மட்டும்தான் ஓடியது என்று இன்னும் பேசுகிறவர்களும் இதைக் கேட்கணும். அதில் கூடப் பாடிய ஸ்டாட்டிக் மேஜர், பாட்டு முதலிடம் போனதைப் பார்க்காமலேயே இறந்துபோனார், அது தனிச் சோகம். அப்புறம் அந்த நம்பர் பிளேட். சப்வூஃபரை (அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) டிக்கியில் வைத்தால் தகடு ஆடத்தான் செய்யும். பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப் நாலு மூலையிலும் ஒட்டி, ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் போடுங்கள். அப்படியும் சத்தம் வந்தால் டிக்கி மூடியின் உள்பக்கம் அதிர்வை அடக்கும் பியூட்டில் ஷீட், முழுக்க வேண்டாம், பாதி போதும். பாஸை, அதாவது அடி ஒலியைக் கூட்டுவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரில் கெயினைக் குறைத்துப் பாருங்கள்.

கடைசி_பெஞ்ச்:
அண்ணே, நான் பஸ்ஸுக்கு நின்றவன்.