ஆபீஸ் வாடகை ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். சென்னை பெருங்குடியில் எங்கள் சிறிய கம்பெனிக்கு ஆபீஸ் பார்த்திருக்கிறோம். மூன்று வருட ஒப்பந்தம். ஓனர் அனுப்பிய நகலில் சில இடங்கள் உறுத்துகின்றன.

ஏரியா 1,500 சதுர அடி என்கிறார்கள். டேப் வைத்து அளந்தால் உள்ளே 1,060தான். மீதி லிஃப்ட், படிக்கட்டு, லாபியில் நம் பங்காம்! இப்படிப் பொது இடப் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்அப் கணக்கில் வாடகை கேட்பது வழக்கம்தான். பராமரிப்புக் கட்டணத்தையாவது கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது உள்ளே அளந்த இடத்துக்கு மட்டும், குறைத்து வாங்கியவர்கள் உண்டா?

லாக்-இன்தான் பெரிய தலைவலி. மூன்று வருடமும் நாங்கள் வெளியேற முடியாது. ஓனர் மட்டும் மூன்று மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம். கேபின், வயரிங் எல்லாம் எங்கள் செலவு. இதை எப்படிப் பேசி மாற்றுவது?

பத்து மாத அட்வான்ஸ். எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்று ஒரு வரி இல்லை. 'பெயின்டிங் மற்றும் இதர செலவு' கழிக்கப்படும் என்று மட்டும் தெளிவாக இருக்கிறது!

18 சதவீத ஜி.எஸ்.டி.யில் பிரச்சினை இல்லை, நாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்வோம். புரோக்கர்தான் பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க 11 மாத ஒப்பந்தமாகப் போட்டு, பிறகு புதுப்பிக்கலாம் என்கிறார். அப்படியானால் மூன்று வருடத்துக்கு எங்களுக்கு என்ன பிடிமானம்?

ஈ.பி. லோடு ஏ.சி.க்குத் தாங்குமா என்பதை எந்தக் காகிதத்தில் பார்ப்பது? ஒப்பந்தங்களைப் படித்துப் பழகிய வக்கீல் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.