விஷுவல் நாவல் (படம், இசையோடு திரையில் வாசிக்கும் கதை விளையாட்டு) உங்களை எப்படிப் பிடித்தது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

மடிப்பாக்கம் வாசகி:

என்னைப் பிடித்தது ஸ்டைன்ஸ் கேட். ஜப்பானில் 2009-லேயே வந்துவிட்டது. நான் ரொம்பத் தாமதமாக, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி போட்டபோது வாங்கினேன். முதல் சில மணி நேரம் நம் பொறுமையைச் சோதிக்கும். டோக்கியோவின் அகிஹபாராவில் ஒரு மாடி அறை, மைக்ரோவேவை வைத்து ஏதோ ஆராய்ச்சி, ஓயாத பேச்சு. அந்த வெட்டிப் பேச்சிலேயே எல்லோரும் நமக்கு வேண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பிற்பாதியில் கதை அதை வட்டியும் முதலுமாக வசூலித்துவிடும்.

‘இதா, அதா’ என்று திரை நம்மைக் கேட்காது. எல்லாம் நாயகனின் செல்போன் வழியாகத்தான். மெயில் வரும், அதில் சில சொற்கள் மட்டும் தனித்துத் தெரியும். எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ற பதில் போகும். பதிலே போடாமலும் விடலாம். வெறும் அரட்டை போல இருக்கும் சில மெயில்களுக்கு என்ன பதில் போட்டோம் என்பதைப் பொறுத்துத்தான் ட்ரூ எண்டிங், அதாவது கதையின் உண்மையான முடிவு, திறக்கும். அது தெரிந்த பிறகு ஒவ்வொரு மெயிலையும் திரும்பத் திரும்பப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கடந்த காலத்துக்கு அனுப்பிய ஒரு மெயிலால், நாயகனின் தோழி ஃபேரிஸின் அப்பா உயிரோடு இருக்கும் ஓர் உலகம் உருவாகியிருக்கும். கதை மேலே போக வேண்டுமானால் அதை நாம் கலைக்க வேண்டும். மனசு வரவில்லையா, கதை அவளோடு வேறு பக்கம் திரும்பி அங்கேயே முடிந்துவிடும். அந்த இடத்துக்கு வந்தபோது நடுராத்திரி. ஹாலில் எங்கப்பா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு மேலே போக என்னால் முடியவில்லை. சேவ் செய்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

பெரம்பூர் பையன்:

அக்கா, எனக்கு உமினேகோ. 2007-லிருந்து 2010 வரை எட்டு எபிசோடாக வந்தது. கடைசி எபிசோடு வரை நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை, வெறும் வாசிப்புதான். 1986 அக்டோபர், புயலில் துண்டான தீவு, சொத்துக்கு அடித்துக்கொள்ளும் குடும்பம், பூட்டிய அறைக்குள் கொலைகள். செய்தது மனிதனா, சூனியக்காரியா? முடிச்சை நாமே அவிழ்க்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் அடித்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் இதைத்தான் படித்தேன். சார்ஜ் போன பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் லாங் சைஸ் நோட்டில் எந்தக் கதவு, யாரிடம் சாவி, யார் சொன்னது பொய் என்று வரைந்துகொண்டிருந்தேன். அந்த நோட்டோடு நானும் என் நண்பனும் பெசன்ட் நகர் பீச்சில் போட்ட சண்டையைப் பார்த்துச் சுண்டல்காரரே நின்று கேட்டார். நண்பன் இன்னும் என் விடையை ஒத்துக்கொள்ளவில்லை.

நங்கநல்லூர்:

எனக்குப் படித்து அடங்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். விஷுவல் நாவல் செய்ய உதவும் ரென்பை என்ற மென்பொருள் இலவசம், 2004-லிருந்து இருக்கிறது. டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப் என்ற பிரபல விஷுவல் நாவலும் அதில் செய்ததுதான். ‘மெனு’ என்று போட்டு அதன்கீழ் இரண்டு தேர்வு எழுதினால் கதை இரண்டாகப் பிரியும். என் கதை தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் நடக்கிறது. நாயகி கிண்டியில் இறங்கும் ரூட்டை (கதைக் கிளையை) முடித்துவிட்டேன், மாம்பலம் ரூட் பாதியில் நிற்கிறது. படித்துப் பார்த்துக் குறை சொல்ல யாராவது தயாரா? அனுப்புகிறேன்.